ஐந்நூறா, இரண்டாயிரமா? பறவைப் படத்தின் ஷட்டர் கணக்கு

சுங்கை பூலோ சதுப்புநிலப் பூங்காவின் பாலத்தில் காலை எட்டு மணிக்கு நின்றால் ஒரு கேள்வி கட்டாயம் காதில் விழும். “ஷட்டர் எவ்வளவு வச்சீங்க?” பக்கத்தில் நிற்பவர் ஓர் எண்ணைச் சொல்வார். கேட்டவரும் அதையே தம் கேமராவில் வைத்துக்கொள்வார். அரை மணி நேரம் கழித்து இருவரும் திரையைக் காட்டிக்கொள்ளும்போது, ஒருவர் படத்தில் பறவையின் கண்ணில் வானம் தெரியும். இன்னொருவர் படத்தில் பறவையே பஞ்சுபோல இருக்கும்.

அதற்கு அடுத்து வரும் கேள்விதான் எனக்குக் கவலை தரும். “லென்ஸை மாத்திடலாமா?” வார இறுதியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பறவை பார்க்கப் போகத் தொடங்கிய பெற்றோரும் கேட்கிறார்கள், வேலைக்குச் சேர்ந்து சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கிய இளையர்களும் கேட்கிறார்கள். அடுத்த லென்ஸ் என்றால் சில ஆயிரம் வெள்ளி. அவர்கள் காட்டும் மங்கலான படங்களில் பெரும்பாலானவற்றுக்கு லென்ஸ் காரணம் இல்லை என்பதே நான் பார்த்தது. ஷட்டர் வேகத்தை எதற்காக வைக்கிறோம் என்று தெளிவாகிவிட்டால் அந்தப் பணம் மிச்சம். அந்தக் கணக்கை இந்த வாரம் பார்த்துவிடுவோம்.

அசைவது யார்?

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் எது நகர்ந்தாலும் அது படத்தில் கோடாக இழுபடும். முக்காலி இல்லாமல் பறவையை எடுக்கும்போது நகர்வது இரண்டு: உங்கள் கை, எதிரே இருக்கும் பறவை. இவை இரண்டுக்கும் வெவ்வேறு வேகம் வேண்டும். எது அதிகமோ அதைத்தான் கேமராவில் வைக்க வேண்டும். பலரும் கைக்கான கணக்கை மட்டும் போட்டுவிட்டு, பறவைக்கும் அது போதும் என்று இருந்துவிடுகிறார்கள்.

முதலில் கையைப் பார்ப்போம். ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதி ஒன்று உண்டு. லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மி.மீ. ஆக இருக்கிறதோ, ஷட்டர் வேகமும் வினாடியில் குறைந்தது அத்தனையில் ஒரு பங்காக இருக்க வேண்டும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50, 600 மி.மீ. லென்ஸுக்கு 1/600. லென்ஸ் நீளமாக நீளமாக, கையின் அதே சின்ன நடுக்கம் படத்தில் அத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதுதான் இதன் அடிப்படை.

இந்த விதி 35 மி.மீ. ஃபிலிமுக்குச் சொன்னது. உங்கள் கேமராவில் அதே அளவு சென்சார், அதாவது ஃபுல் ஃபிரேம், இருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளலாம். நிக்கான், சோனி, ஃபுஜிஃபிலிம் ஆகியவற்றின் ஏபிஎஸ்-சி கேமராக்களில் குவியத் தூரத்தை 1.5 ஆல் பெருக்க வேண்டும். கேனனில் 1.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2. ஆக, ஏபிஎஸ்-சி கேமராவில் 400 மி.மீ. லென்ஸ் போட்டவருக்கும் 1/600க்குக் குறையக் கூடாது.

இதோடு இன்னொன்றையும் சேருங்கள். பறவைப் படத்தை யாரும் எடுத்தபடியே வைத்துக்கொள்வதில்லை, வெட்டிப் பெரிதாக்குவோம். படத்தின் அகலத்தில் பாதியை வெட்டி எடுத்தால் லென்ஸின் நீளம் இரு மடங்கானதாக எண்ணிக்கொள்ளுங்கள். 600 மி.மீ. இல் எடுத்துப் பாதியாக வெட்டுபவருக்குக் கையின் கணக்கே 1/1200 ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் பாட்டிக்கு அனுப்புவதற்கு மட்டும் என்றால் அவ்வளவு தேவைப்படாது. சின்னத் திரை பலவற்றை மன்னித்துவிடும்.

“என் லென்ஸில் அசைவுத் தடுப்பு இருக்கிறதே” என்பீர்கள். நல்ல வசதிதான். நான்கு ஸ்டாப் தடுப்பு என்றால் நான்கு முறை பாதியாக்கலாம்: 1/500 என்பது 1/250, 1/125, 1/60, 1/30 வரை இறங்கும். ஆனால் அது தடுப்பது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே. பறவை தலையைத் திருப்பினால் உலகத்திலேயே விலை உயர்ந்த அசைவுத் தடுப்பும் ஒன்றும் செய்யாது. கிளை ஊசிமுனையாகத் தெரிந்து, அதன்மேல் உட்கார்ந்த பறவை மட்டும் கலங்கித் தெரியும் படங்கள் இப்படித்தான் வருகின்றன.

பறவையின் கணக்கு

இப்போது பறவையைப் பார்ப்போம். ஃபுல் ஃபிரேம் கேமரா, 600 மி.மீ. லென்ஸ், பறவை 20 மீட்டர் தூரத்தில். அந்தத் தூரத்தில் உங்கள் படச் சட்டம் 1.2 மீட்டர் அகலத்தைக் காட்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் அகலவாக்கில் 6,000 புள்ளிகள். 1,200 மில்லிமீட்டரை 6,000 ஆல் வகுத்தால், ஒரு புள்ளி பறவையின் உடலில் 0.2 மில்லிமீட்டரைப் பிடிக்கிறது.

சேற்றில் இரை தேடும் ஓர் உள்ளான் தலையையோ காலையோ வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அசைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது ஒன்றும் பெரிய வேகம் இல்லை, நாம் மெதுவாக நடக்கும் வேகம். 1/500 வினாடியில் அது 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் 10 புள்ளி இழுபடும். இறகின் நுனிகள் எல்லாம் அதில் கரைந்துபோகும். 1/2000 வைத்தால் அரை மில்லிமீட்டர், இரண்டரைப் புள்ளி. அது கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது.

நடந்துகொண்டிருக்கும் பறவைக்கே இந்தக் கணக்கு என்றால், பறக்கும் பறவையின் சிறகு நுனிக்கு என்ன வேகம் வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். நாம் பறவையைப் பின்தொடர்ந்து கேமராவைத் திருப்பும்போது உடலின் நகர்வு ஓரளவு ஈடுகட்டப்படும். சிறகின் மேலும் கீழுமான வீச்சு அப்படியேதான் இருக்கும்.

எந்தப் பறவைக்கு எவ்வளவு?

400 முதல் 600 மி.மீ. வரையுள்ள லென்ஸைக் கையில் பிடித்து நான் எடுக்கும்போது தொடக்கமாக வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. அசைவுத் தடுப்பு இருக்கிறது என்ற கணக்கில் சொல்கிறேன். இல்லாதவர்கள் முதல் இரண்டு வரிகளிலும் கையின் விதிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

பகலில் மரத்தில் தூங்கும் மீன் ஆந்தை: 1/100 போதும். நிழலில்தான் இருக்கும் என்பதால் இங்கே வேகத்தைக் குறைப்பது லாபம்.

அசையாமல் நிற்கும் சாம்பல் நாரை, கிளையில் காத்திருக்கும் மீன்கொத்தி: 1/250 முதல் 1/500.

சேற்றில் மேயும் பவளக்காலி, பச்சைக்காலி போன்ற கரைப்பறவைகள்: 1/1600 முதல் 2000.

பூவுக்குப் பூ தாவும் தேன்சிட்டு: உட்கார்ந்திருந்தால் 1/1000, அந்தரத்தில் சிறகடித்தால் 1/4000. அதிலும் சிறகு நுனி கொஞ்சம் கலங்கலாம், அது அழகாகவே இருக்கும்.

சிறகை விரித்து வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகு, செம்பருந்து: 1/1250 முதல் 1600.

பறக்கும் கொக்கு, நாரை, இருவாச்சி: 1/1600 முதல் 2000.

பஞ்சுருட்டான், நீரில் பாயும் மீன்கொத்தி: 1/3200க்கு மேல்.

ஒரே பறவை பட்டியலில் இரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். மீன்கொத்தி உட்கார்ந்திருந்தால் 1/250, பாய்ந்தால் 1/3200. அதனால் பறவையின் பெயரைவிட அடுத்த நொடியில் அது என்ன செய்யப்போகிறது என்பதே முக்கியம். அதை முன்கூட்டியே ஊகிக்கலாம். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் எழும்பிய கிளைக்கே திரும்பும். நாரை கழுத்தைப் பின்னுக்கு இழுத்து முன்னே சாய்ந்தால் குத்தப்போகிறது என்று பொருள். பல பறவைகள் எழும்புவதற்கு முன் எச்சமிடும் என்பது பறவைப் படக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். பறவையைப் பத்து நிமிடம் வெறும் கண்ணால் பார்த்தவர் வைக்கும் ஷட்டர் வேகம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

வெளிச்சத்துக்கு எங்கே போவது?

வேகத்தைக் கூட்டினால் படம் இருட்டும். இங்கேதான் பலர் தயங்கி 1/500க்குத் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். வெயில் அடிக்கும்போது வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. நல்ல வெயிலில் எஃப் 6.3, ஐஎஸ்ஓ 400 வைத்தால் 1/2500 கிடைக்கும். 150-600 வகை லென்ஸ்களில் முழு நீளத்தில் பெரும்பாலும் இதுதான் அகலமான திறப்பு. மேகமூட்டம் மூன்று ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைத்தால், அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200 தேவை. மரநிழலுக்குள் போனால் இன்னும் ஏறும்.

ஐஎஸ்ஓ ஏறினால் படம் மணல் தூவியதுபோல் ஆகும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் இரண்டு குறைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். மணல் தூவியது போன்ற புள்ளிகளை இப்போதைய மென்பொருள்கள் வெகுவாகக் குறைத்துவிடும். சின்ன அளவில் அச்சிட்டால் அவை தெரியவே தெரியாது. அசைவில் கரைந்துபோன இறகை எந்த மென்பொருளாலும் உண்மையாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் எனக்கு ஐஎஸ்ஓ 3200 இல் எடுத்த துல்லியமான படம் ஐஎஸ்ஓ 400 இல் எடுத்த மங்கல் படத்தைவிட எப்போதும் மேல்.

நடைமுறைக்கு எளிதான வழி: கேமராவை மேனுவலில் வைத்து, திறப்பையும் ஷட்டர் வேகத்தையும் நீங்கள் தீர்மானித்து, ஐஎஸ்ஓவை மட்டும் தானியங்கியில் விடுங்கள். பறவை வெயிலிலிருந்து நிழலுக்குப் போனாலும் கேமரா சமாளித்துக்கொள்ளும். உங்கள் விரல் ஷட்டர் சக்கரத்தில் மட்டும் இருந்தால் போதும். உட்கார்ந்த பறவைக்கு முதலில் வேகமாக நாலு படம் எடுத்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு படியாக வேகத்தைக் குறைத்துக்கொண்டே போங்கள். பறவை பறந்துவிட்டாலும் கையில் ஒரு படம் இருக்கும். இருந்தால் ஐஎஸ்ஓ குறைந்த, இன்னும் சுத்தமான படமும் கிடைக்கும்.

இந்தக் குறைந்த வேகங்களில் ஒரே ஒரு முறை அழுத்தாமல் ஐந்தாறு படங்கள் தொடர்ச்சியாக எடுப்பது நல்லது. விரலை அழுத்தும் அதிர்ச்சி முதல் படத்தில் இருக்கும், நடுவில் உள்ளவை தெளிவாக வரும். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, முழங்கைகளை விலாவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பாலத்தின் கைப்பிடியோ பறவை பார்க்கும் மறைவிடத்தின் சுவரோ இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள். இரண்டு கிலோ எடையுள்ள லென்ஸை அரை மணி நேரம் தூக்கி வைத்திருந்த கை, முதல் நிமிடத்தில் இருந்த கை இல்லை. களைத்துவிட்டால் இறக்கி வைத்து ஓய்வெடுப்பதும் துல்லியத்துக்கான வழிதான்.

மங்கலைப் படிப்பது எப்படி?

படம் மங்கலாக வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். பெரிதாக்கிப் பாருங்கள். அது காரணத்தைச் சொல்லிவிடும்.

பறவை, கிளை, இலை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை அசைந்திருக்கிறது. வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது சாய்ந்து நில்லுங்கள்.

கிளை தெளிவாக இருந்து பறவை மட்டும் கலங்கியிருந்தால் பறவை அசைந்திருக்கிறது. வேகத்தை இரண்டு மடங்காக்குங்கள்.

பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் மட்டும் தெளிவாக இருந்தால், அது குவியம் தவறிய படம். ஷட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபோகஸ் புள்ளியைப் பறவையின் கண்ணில் வையுங்கள்.

படம் முழுதும் நீருக்கடியில் பார்ப்பதுபோல் நெளிந்து, அடுத்தடுத்த படங்களில் அந்த நெளிவு மாறிக்கொண்டே இருந்தால் அது கானல். பதினோரு மணி வெயிலில் சேற்றுவெளியின்மேல் எழும் சூட்டுக்கு 1/8000 கூட மருந்தில்லை. நெருங்கி வரும் பறவைக்குக் காத்திருங்கள், அல்லது நாளைக் காலையில் வாருங்கள்.

படம் முழுவதும் வெண்புகை படிந்ததுபோல் இருந்தால், குளிரூட்டிய காரிலிருந்து நேரே வெளியே எடுத்த லென்ஸில் நீர் பூத்திருக்கிறது. நம் ஊர் ஈரப்பதத்தில் இது அன்றாடத் தொல்லை. பையைத் திறக்காமல் அரை மணி நேரம் வெளிச்சூட்டில் விட்டுவிட்டுப் பிறகு எடுங்கள்.

சிறகு வினோதமாக வளைந்து, உடைந்ததுபோல் தெரிந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரைச் சந்தேகியுங்கள். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. அது படித்து முடிப்பதற்குள் சிறகு இடம் மாறிவிடும். உங்கள் கேமராவில் இருந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த ஆறில் எதிலும் சேராமல், அசையாத பொருளை முக்காலியில் வைத்து வேகமாக எடுத்தாலும் மங்கலாகவே வந்தால், அப்போது லென்ஸைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகலாம்.

இவ்வளவு துல்லியம் எதற்கு?

ஃபேஸ்புக்கில் போட அழகான படம் போதாதா என்று ஒருவர் கேட்கலாம். போதும். ஆனால் நம் ஊரில் துல்லியத்துக்கு இன்னொரு பயனும் உண்டு.

செப்டம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வரை, வடக்கே சைபீரியா வரையுள்ள நிலங்களிலிருந்து கரைப்பறவைகள் சுங்கை பூலோவுக்கு வருகின்றன. சில இங்கேயே தங்கும், சில இளைப்பாறிவிட்டு ஆஸ்திரேலியா வரை போகும். பவளக்காலி, பச்சைக்காலி, விம்பிரல், பொன்னிற உப்புக்கொத்தி எல்லாம் அப்படி வருபவை. இந்த வலசைப் பாதையில் பல நாடுகளின் ஆய்வாளர்கள் பறவைகளைப் பிடித்து, காலில் சிறு நிறக்கொடி மாட்டி விடுகிறார்கள். சுங்கை பூலோவிலும் அது நடக்கிறது. கொடியின் நிறச் சேர்க்கை அது எங்கே மாட்டப்பட்டது என்பதைச் சொல்லும். அதில் பொறித்த எழுத்துகள் அந்த ஒரு பறவையைச் சொல்லும். அந்தப் பறவையை மறுபடியும் பிடிக்காமல், அது எங்கே போயிற்று, எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கிறது, எந்தச் சேற்றுவெளியை நம்பியிருக்கிறது என்றெல்லாம் தெரிந்துகொள்ள அந்த எழுத்துகளே வழி.

அவை சில மில்லிமீட்டர் உயரம்தான். 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், முன்பு போட்ட கணக்கின்படி 20 மீட்டர் தூரத்தில் ஓர் எழுத்துக்கு 20 புள்ளி கிடைக்கும். நடக்கும் காலை 1/500 இல் எடுத்தால் அதில் 10 புள்ளி இழுபட்டு எழுத்து பாதி கரைந்துவிடும். 1/2000 இல் இரண்டரைப் புள்ளிதான், படிக்கலாம். அழகில்லாத, மணல் தூவிய, ஐஎஸ்ஓ ஏறிய அந்தப் படத்தை நாள், நேரம், இடத்தோடு தேசியப் பூங்காக் கழகத்துக்குத் தெரிவித்தால், பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த ஓர் உயிரின் வரலாற்றில் ஒரு வரி சேரும். பத்து வயதுப் பிள்ளை எடுத்த படமாகவும் அது இருக்கலாம்.

அதே பறவைகளைப் பறக்க வைத்துப் படம் எடுப்பதற்காகக் கைதட்டுவதும் கல்லெறிவதும் வேண்டவே வேண்டாம். அவை இங்கே சேர்க்கும் கொழுப்புதான் அடுத்த பயணத்துக்கான எரிபொருள். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. கிளைக்கு வரவழைக்க இரை வைப்பதும் கூடாது. வனவிலங்குகளுக்கு உணவளிப்பது 2020 ஜூன் முதல் இங்கே சட்டப்படி குற்றம்.

இந்த வாரம் செய்து பாருங்கள்

உங்கள் புளோக்கின் கீழே ஒரு மைனா இல்லாமல் இருக்காது. அது நடந்து மேய்கிற நேரத்தில் 1/250, 1/500, 1/1000, 1/2000 என நான்கு வேகங்களிலும் ஆளுக்குப் பத்துப் படம் எடுங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், எண்ணுவதற்கு அவர்கள்தான் சரி. கணினியில் பெரிதாக்கி, ஒவ்வொரு வேகத்திலும் மைனாவின் கண் தெளிவாக இருக்கும் படங்கள் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள்.

பத்துக்கு எட்டு தேறும் வேகம் எதுவோ, அதுதான் உங்கள் கைக்கும் உங்கள் லென்ஸுக்கும் நடக்கும் பறவைக்குமான எண். என்னுடையது வேறாக இருக்கும், பாலத்தில் பக்கத்தில் நிற்பவருடையது இன்னும் வேறாக இருக்கும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கேமராப் பையில் போட்டு வையுங்கள். லென்ஸ் மாற்றும் யோசனையை அதுவரை தள்ளிப் போடலாம்.